வலமாகச் சுற்றிவிட்டார்கள்

இரண்டு பேரும் ஒரே மாதிரி கறுத்திருக்கிறார்கள். கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுப்பு. அதுகூட இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

எழில்மதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பள்ளியில் மதிய இடைவேளை. மூன்று ஆசிரியைகளும் எப்போதும்போல ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அபிநயாவும் தேவதர்ஷினியும் ஒரே கைபேசிக்குள் தலையை நுழைத்திருந்தார்கள்.

கம்போடியாவுக்குப் போக வேண்டும், அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் எழில்மதி. எட்டு வருடமாகப் படித்துப் படித்து நோட்டில் எழுதி வைத்தவளும் அவள்தான்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டை விட்டு எங்கே கிளம்புவது?

மற்ற இருவரும் போய் வந்தார்கள். நான்கே நாள்.

கல்வராயன்மலை அருவியில் எடுத்த படங்களில் எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள். இந்தப் படங்களில் இரண்டு பேர். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்கூட விடவில்லை.

"பச்சை லுங்கி" என்றாள் அபிநயா. தேவதர்ஷினிக்குப் புரையேறியது. என்னவென்று எழில்மதி கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

"எழிலு, இந்தக் கூத்தக் கேளு. கோயிலாச்சேன்னு நாங்க பாட்டுக்கு வலமா சுத்திக்கினு வந்துட்டோம். செவுத்துல செதுக்கின கத பூரா இடமா சுத்தினாத்தான் வரிசையா வருதாம். எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு கைடு சொல்லிச் சிரிக்கிறாரு" என்றாள் தேவதர்ஷினி.

"நாங்க பாத்ததுல, நரகத்துல மொதல்ல அடி வுழுது. அப்புறமாத்தான் எமன் விசாரிக்கிறான். நம்ம ஹெச்.எம். மாதிரியே" என்றாள் அபிநயா.

மூவரும் சிரித்தார்கள்.

எழில்மதிக்கு அந்தச் சுவரின் சரியான வரிசை மனப்பாடம். செத்தவர்கள் நடந்து வருவார்கள். எமன் எருமைமேல் இருப்பான். நரகம் அதற்குப் பிறகுதான்.

"நீ அனுப்புன ஒம்பது பக்கத்துல எல்லாம் இருந்துச்சு, இது மட்டும் இல்ல. ஒனக்கே தெரியல பாரு" என்ற தேவதர்ஷினி, தன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்து எழில்மதியின் சோற்றில் வைத்தாள். "முழுப் பரீட்ச லீவுல திரும்பப் போலாம்டி, மூணு பேரும். இந்த வாட்டி சரியா சுத்தணும். நீ முன்னாடி நட, நாங்க பின்னாடி வர்றோம். இன்னா சொல்ற?"

ஒப்புக்குக் கூப்பிடவில்லை. அவள் முகத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோட்டில் முதல் பக்கமே அதுதான். 'உள்ளே போனதும் வலது கைப் பக்கம் திரும்ப வேண்டும். கோயில் நமக்கு இடப்புறமாகவே வர வேண்டும்.' சிவப்பு மையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள்.

அவர்கள் விமானம் ஏறப்போகும் நாளில், மகளின் வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினாள்.

இரண்டாம் பக்கத்திலிருந்து.

"எனக்கு வேணாம்டி" என்றாள் எழில்மதி. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."