மூன்று பிங்கில் துரைகள்

மலாயாவின் மூவார் ஆற்றங்கரையில் பாக்கு காயும் பாய்களின் மேல் மூன்று பிங்கில் துரைகளின் வாழ்நாள் ஆராய்ச்சியும் காய்கிறது. மூவருக்கும் உறவில்லை, குடும்பப்பெயர் மட்டும் ஒன்று. ஒருவர் தவளைகளை ஆராய்கிறார், ஒருவர் பழைய கல்லறைகளை, ஒருவர் மலாய்ப் பழமொழிகளை. காலையில் படகு கவிழ்ந்து பெட்டிகள் நனைந்துவிட்டன. காற்று சும்மா இருக்கவில்லை. தட்டச்சுத் தாள்கள் படபடத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. சமையல்காரர் ருக்னுதீன் பாக்கை அள்ளி அள்ளிப் பாரம் வைக்கிறார். "மூலையில பேரு இருக்கும், பாத்து அடுக்கு ஐயாசாமி!" "அலமாக்! எல்லாத்துலயும் பிங்கில்தான், ருக்னுதீன் நானா!" என்கிறான் தோட்டக்காரன். சிங்கப்பூர்க் கப்பல் இரண்டாம் முறை ஊதுகிறது. துரைகள் மண்டியிட்டு, கைக்கு வந்ததை அள்ளுகிறார்கள். தவளைத் துரையிடம் சிக்கிய தாளில், 'இரண்டு மனைவியரையும் ஒரு தென்னந்தோப்பையும் விட்டுச் சென்றார்' என்றிருக்கிறது. தன் தவளைக்காகத் தொப்பியைக் கழற்றி ஒரு கணம் நிற்கிறார். பிறகு தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்.