பதினாலு எண்ணும்வரை

"சாவு விழாத லயத்துல சங்கு ஊதுறா! கேக்க ஆளில்லையா?"

பக்கத்து வீட்டுச் சுப்பம்மா போட்ட கூச்சலில், தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களம் போகவேண்டிய லயத்துச் சனமெல்லாம் இருளாயி வாசலில் வந்து நின்றது.

இருளாயி படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சங்கு. செத்துப்போன புருஷன் செல்லையாவுடையது. அவன் இருந்தவரை அந்தத் தோட்டத்தில் அதை ஊதாமல் ஒரு பிணமும் குழிக்குப் போனதில்லை.

தொழிற்சங்கத் தலைவர் நாகலிங்கம் முன்னால் வந்தார்.

"என்னக்கா இது?"

"பித்தப்பையில கல்லு, தலைவரே. வெட்டி எடுக்கணும். ஸ்டோர்ல முப்பது வருசம் தேயிலைத் தூள் சலிச்ச நெஞ்சு. மூச்சுத் தசையில வலுவில்ல, மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்கமாட்டேன்னு ஆஸ்பத்திரி டொக்டர் நோனா சொல்லிட்டாங்க. நல்லா இழுத்து, ஒரே மூச்சில இருபது எண்ணுறவரைக்கும் ஊதிப் பழகணுமாம். அடுத்த மாசம் கூப்பிட்டுப் பாப்பாங்க."

"அதுக்குச் சங்கா?"

"வார்டுல ஊதுற சாமான் ஒண்ணுதான் இருக்கு, வீட்டுக்குக் குடுத்துவிட முடியாதாம். எங்க வீட்டுல சங்கு இருக்குன்னேன். 'பொஹொம ஹொந்தாய்', ரொம்ப நல்லதுன்னு சிரிச்சாங்க. அவங்க பன்சலையில, புத்தர் முன்னால, நல்லதுக்குத்தானே ஊதுறாங்க."

"இது பன்சலை இல்ல, லயம்!" சுப்பம்மா பாய்ந்தாள். "எம் மக விஜயகலாவுக்கு எட்டு மாசம். மொத நாள் மூணு எண்ணுறதுக்குள்ள நின்னுச்சு, பொறுத்துக்கிட்டேன். பொறகு ஏழு. பொறகு பத்து. இன்னிக்குப் பதினாலு! காலங்காத்தால சாவுச் சங்கு கேட்டா வயித்துப் புள்ள என்னத்துக்காவும்?"

கூட்டம் முணுமுணுத்தது. நாகலிங்கம் யாரையும் பகைக்காத மனுஷர்.

"புள்ள பொறக்குறவரைக்கும் சங்கு சுப்பம்மா வீட்டுல இருக்கட்டும்."

"அதுக்குள்ள ஆஸ்பத்திரித் தேதி போயிருமே, தலைவரே!"

சனம் கலைந்தது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. சுப்பம்மா சங்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இருளாயி வெறுங்கையைக் குவித்து ஊதிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. இரண்டாம் நாள் பீலியில் தண்ணீர் பிடித்துத் தூக்கி வருகையில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வெளியே வரவேயில்லை. கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள்.

நாலாம் நாள் விடியக் கதவு அதிர்ந்தது.

திறந்தால் சுப்பம்மா. முகத்தில் ரத்தமில்லை.

"உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

சுப்பம்மா படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சத்தமும் இல்ல, ஆளையும் காணோம்னா நான் என்னத்த நினைக்கிறது? பெரியம்மாவப் போய்ப் பாரு, போய்ப் பாருன்னு விஜயகலா ஒரே அழுகை."

முந்தானைக்குள்ளிருந்து சங்கை எடுத்து நீட்டினாள்.

இருளாயி வாங்கவில்லை. "சாவுச் சங்குன்னியே?"

"சொன்னேன்தான். இப்ப அது கேக்காத காலையிலதான் பயமா இருக்கு."

"சனம் பேசும்."

"பேசட்டும், நான் பாத்துக்கிறேன். பதினாலுல நிக்குது, இன்னும் ஆறு கெடக்கு. ஊதுக்கா, நான் எண்ணுறேன்."