ஒன்பதாம் நம்பர் மணி

"நீ எழுதினதைப் பார்த்தா, நாலாம் நம்பர் பெரியவர் காலையிலேர்ந்து எண்ணூறு மில்லி மூத்திரம் குடிச்சிருக்கார்."

பெரிய சிஸ்டர் சார்ட்டைத் தூக்கிக் காட்டினார். கவுன்ட்டரைச் சுற்றி நின்றவர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். நோயாளி குடித்ததை எழுதும் கட்டத்தில், வெளியே போனதை எழுதிவைத்திருந்தாள் புதுப்பொண்ணு. நர்ஸிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வார்டு அவளுக்குச் சூட்டிய பெயர் அது. இன்று ஆறாவது நாள்.

"சாரி, சிஸ்டர்."

"அந்த சாரியை எந்தக் கட்டத்துல எழுதறது? நாலு வருஷம் என்னத்தைத்தான் படிச்சே?"

புதுப்பொண்ணுக்குக் கண்ணோரம் சுட்டது. அவள் தனக்குத்தானே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். இந்தக் கவுன்ட்டர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தாலும், அன்றைக்கே யூனிஃபார்மைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது. அழுகிறவள் ஊசியோடு வந்தால் யார் கையை நீட்டுவார்கள்? ஆறு நாளாக எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தாள். இன்று முடியாது போலிருந்தது.

சுவர்ப் பலகையில் ஒன்பதாம் எண் சிவப்பாக எரிந்தது. மணி அடித்தது.

"உன் ஒன்பதுதான். போ, என்னன்னு கேளு. மீதியை வந்து வாங்கிக்கோ."

ஒன்பதாம் கட்டில் கவுன்ட்டருக்கு நேர் எதிரே. கணுக்கால் முறிந்து, தகடு வைத்துப் படுத்திருந்தவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை. வார்டில் எல்லோருக்கும் மணியக்கா.

"என்னக்கா?"

"தலையணை சூடாயிடுச்சு. திருப்பி வை."

திருப்பினாள்.

"இது சரியில்ல. இன்னொரு பக்கம் வை."

"தலையணைக்கு ரெண்டு பக்கம்தான்க்கா."

"அப்ப பழைய பக்கமே இருக்கட்டும். அவசரமில்ல, மெதுவாச் செய்."

பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். திரும்பி வந்தபோது பெரிய சிஸ்டர் டாக்டரோடு அடுத்த அறைக்குப் போயிருந்தார்.

மதியம் ஏழாம் கட்டிலுக்கு மாத்திரை கொடுக்க இருபது நிமிடம் தாமதம். "உன் வாட்சுல முள் இருக்கா, இல்ல அழகுக்குக் கட்டியிருக்கியா?" என்று பெரிய சிஸ்டர் ஆரம்பித்தார். மறுபடியும் ஒன்பது.

"என் கண்ணாடியைக் காணோம்" என்றாள் மணியக்கா.

"உங்க மூக்கு மேலதான் இருக்கு."

"அட, ஆமா. சரி, வந்ததுக்குத் துடைச்சுக் கொடு."

சாயங்காலம் பெரிய சிஸ்டர் புதிதாக ஒரு குற்றச்சாட்டு வைத்திருந்தார். "ஆறு நாள்ல ஒன்பதாம் நம்பர் முப்பத்தோரு தடவை மணி அடிச்சிருக்கு. மத்த கட்டில் எல்லாம் சேர்ந்தாக்கூட அவ்வளவு இல்ல. நீ ஒழுங்காப் பார்த்துக்கிட்டா அவங்க ஏன் அடிக்கப் போறாங்க? உன்னை இங்கே வெச்சுக்கிட்டு நான்..."

ஒன்பது எரிந்தது.

பெரிய சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "போம்மா தாயே, போ."

கட்டிலருகே போய் நின்றதும் புதுப்பொண்ணுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா, லீவு போட்டும் உங்க கை சும்மா இருக்காதா? உங்க மணியாலதான் எனக்குத் திட்டு விழுது."

"அப்படியா?" மணியக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "பள்ளிக்கூடத்துலயும் என்மேல ஒரு புகார் உண்டு. கணக்குப் பீரியட் மட்டும் சில நாள் ரெண்டு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிடுதாம்."

"கடிகாரத்தைப் பார்த்து அடிக்கக் கூடாதா?"

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது. அந்த டம்ளரை எடு."

டம்ளர் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை மணியக்காவுக்கு டிஸ்சார்ஜ். புதுப்பொண்ணுக்கு வெளியே சொல்ல முடியாத நிம்மதி. இனிமேல் திட்டுக்கு ஒரு காரணமாவது குறையும். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். எட்டாம் கட்டிலுக்கு நேற்றிரவு கைக்கட்டோடு வந்து சேர்ந்த பெண்ணிடம் மணியக்கா தாழ்ந்த குரலில் ஏதோ ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கையில பொத்தானைப் பிடிச்சுக்கோ. பெரிய சிஸ்டர் குரல் ஏறுச்சுன்னா உடனே அமுக்கிடு. தலையணை, கண்ணாடி, வாய்ல வந்ததைக் கேளு. அந்தப் பொண்ணுக்குக் கண்ணு காயற வரைக்கும் திருப்பி அனுப்பாதே."