கட்டத்தின் அளவு

அவன் விசையைத் தட்டினான்.

திரையில், நீளமான செவ்வகக் குழாயின் இடது முனையில், ஒரு சிவப்புத் துடிப்பு எழுந்தது. நெளிந்தது. நீண்டது. வேகமான அலைகள் முந்திப் போக, மெதுவானவை வாயிலருகிலேயே தயங்கித் தயங்கி வந்தன.

அவ்வளவுதான். கணக்கு முடிந்துவிட்டது.

"அதுக்குள்ளயா?" என்றாள் பூங்கோதை.

அருளப்பன் தலையசைத்தான்.

காலையில் அவனுடைய ஆய்வு மாணவிக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளராகப் பூங்கோதை பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் அவனைச் சார் என்றாள். அவன் மேடம் என்றான். சாப்பாட்டுக்குப் பிறகுதான், நம் பழைய புரோகிராம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது.

இருவரும் இங்கே ஆய்வு செய்த காலத்தில் சேர்ந்து எழுதியது. குழாயைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, உள்ளே அனுப்பிய மின்காந்த அலை ஒவ்வொரு கணமும் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும். அன்றைய கணினிக்கு அதற்கு ஒரு பகல் முழுக்க வேண்டும்.

அந்தப் பகல்களில் அவள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து கொய்யா தின்பாள். சீர்காழியில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பாவைப் பற்றிச் சொல்வாள். அவன் தன் ஊர் மாதா கோயிலில் பாடியதைத் தாழ்ந்த குரலில் பாடிக் காட்டுவான். கரண்ட் போனால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து.

அதற்காக இருவரும் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பிறகு அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. மனதில் இருந்ததை அடுத்த கணக்கு ஓடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் இருந்தான்.

அடுத்த கணக்கை அவன் தனியாகத்தான் ஓட்டினான்.

அவள் போன் அடித்தது. ரயிலடிக்குப் போகக் கார் வந்துவிட்டதாம். இதோ வருகிறேன் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவன் எழவில்லை. திரையைப் பார்த்தபடியே கட்டத்தின் அளவைப் பாதியாக்கினான்.

அதிலும் பாதி.

மறுபடி விசையைத் தட்டினான்.

துடிப்பு வாயிலில் எழுந்து, அங்கேயே நின்றது. முடிய மூன்று மணி நேரம் ஆகும் என்றது கணினி.

பாதி நிரலை எழுதியவள். அவளுக்குத் தெரியாததா?

"இவ்வளவு பொடிசா வெட்ட வேண்டியதே இல்லையே, அருள்."

"இல்லதான்."

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு காரைத் திருப்பி அனுப்பினாள்.

நாற்காலியை இழுத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.