மாலைக்குள் ஒரு குரல்

மறுபடியும் அதே பிழை.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சன்னல் வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மடிக்கணினியில் அவள் எழுதிய நிரல் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது. கடைசியில், அதையும் வெளியிலிருந்து எடுத்த நிரல் தொகுப்பான லைப்ரரியையும் ஒன்றாக இணைக்கும்போதுதான் லிங்கர் நின்றுவிடுகிறது. ‘பேசு’ என்ற கட்டளையைக் காணோம் என்கிறது.

லைப்ரரிக்குள் அந்தக் கட்டளை இருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டாள்.

எதிரே கட்டிலில் அண்ணன் ததேயு. தூத்துக்குடியில் மீன் ஏலம் கூவியவர். கரையில் அவர் விலை சொன்னால் படகுக்குள் இருப்பவனுக்குக் கேட்கும். போன வருடம் தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

கைப்பேசியில் தட்டினால் அது வாசிக்கும். ஆனால் பெண் குரல். ஒரு தரம் கேட்டுவிட்டு அண்ணன் அதைக் கவிழ்த்து வைத்தார். ஆண் குரலில் தமிழ் பேசும் லைப்ரரியை அவள்தான் தேடிப் பிடித்தாள்.

இன்று மாலை அவர் மகள் பெனிட்டாவுக்குக் கல்யாணம் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

அதற்குள் குரல் வேண்டும் என்று காற்றில் விரலால் எழுதிக் காட்டியிருந்தார். இரண்டு தடவை.

லைப்ரரி இருக்கும் பாதையைச் சரிபார்த்தாள். லைப்ரரியை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். பழைய பதிப்பைப் போட்டாள். இணைக்கும் வரிசையை மாற்றினாள்.

அதே வரி. அதே சிவப்பு.

அண்ணி பிரகாசி வாசலில் வந்து நின்றாள்.

“ஏட்டி, இன்னைக்கே வேணுமா அது? ஒங்கண்ணன் சரின்னுதான சொல்லப் போறாவ? தலையாட்டுனா போதும்லா.”

அண்ணன் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினார். அண்ணி போய்விட்டாள்.

முற்றத்தில் நாற்காலிகளை இறக்குகிற சத்தம்.

லைப்ரரியின் முதல் பக்கத்தைத் திறந்து மேலிருந்து படித்தாள். இத்தனை நேரமும் படிக்காத பக்கம்.

அது சி மொழியில் எழுதியது. அவள் நிரல் சி பிளஸ் பிளஸ். ‘பேசு’ என்ற பெயரை இவள் நிரல் வால்போலச் சில எழுத்துகளைச் சேர்த்துக் கூப்பிடுகிறது. அங்கே அந்தப் பெயரில் யாரும் இல்லை.

இது சி, பெயரை அப்படியே விடு என்று ஒரு வரி சேர்த்தாள்.

பிழை இல்லை.

“வணக்கம்,” என்றது மடிக்கணினி. கரகரத்த குரல். அண்ணனுடையது இல்லை.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பரவாயில்லை என்று கையை அசைத்தார். கணினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு யாரிடமும் கொடுக்கவில்லை.

வந்தவர்கள் காபி குடித்து முடித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமினார்.

“பொண்ணோட அப்பா சம்மதம்னு சொல்லிட்டாவன்னா, தேதி குறிச்சிரலாம்.”

அண்ணன் ஒற்றை விரலால் தட்டினார். மெதுவாக. அண்ணி சிரித்த முகத்தோடு காத்து நின்றாள்.

“பெனிட்டா,” என்றது குரல். “உனக்குச் சம்மதமா?”

“அவகிட்ட என்னத்த...” என்று தொடங்கிய அண்ணி, அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இத்தனை நாளில் இதை யாரும் கேட்கவில்லை. அத்தையான அவளும்தான் கேட்கவில்லை.

பெனிட்டா நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.