எடைக்கு வராத புல்

பவுலினின் கினியாப் புல் கட்டு, சிவப்புக் கயிற்றோடு பால் சங்கத் தராசில் ஏறியபோதே அருள் பிரகாஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே நாளில், ஒரே அளவு நிலத்தில் இருவரும் போட்டிக்கு நட்ட தீவனப் புல். அவனுடைய கம்பு நேப்பியர் புல்லின் எடையில் பாதிகூட அவளுடையது தேறவில்லை. எடையில் ஜெயிக்கிற புல்லைத்தான் பால் சங்கம் ஒக்கூர் முழுக்க நடக் கொடுக்கப்போகிறது.

"ஏம் பவுலினு, இத வச்சு ஒரு ஆட்டுக்குட்டி பசியாறுமா?" என்றான். கூட்டம் சிரித்தது.

"எம் மாட்டப் பாருங்க. கன்னு போட்டப்ப எந்திரிக்கவே தெம்பில்லாம கெடந்துச்சு. இப்பக் கேன் நெறையப் பாலு. எல்லாம் எம் புல்லு செஞ்ச வேலை" என்று கூட்டத்தைப் பார்த்துப் பெருமையடித்தான்.

"நல்லா இருக்கட்டும்ண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பவுலின் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், நடந்ததை மனைவி பெல்சியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"பவுலினக்காவையா அப்படிப் பேசுனீக?"

"தோத்தவள வேற எப்படிப் பேசுறது?"

"நம்ம மாடு உங்க புல்ல மோந்துகூடப் பாக்கலைங்க. நீங்க பாலெடுத்துக்கிட்டுக் கெளம்புனதும், அந்தக்காதான் தெனமும் போட்டிக்கு நட்ட அவுக புல்லுலயே ஒரு கட்டு அறுத்தாந்து போட்டாக. நீங்க சங்கடப்படுவீகன்னு சொல்ல வேணாம்னுட்டாக."

அவன் தொழுவத்துக்குப் போனான். மாடு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மென்றுகொண்டிருந்தது.

தீவனத் தொட்டியின் விளிம்பில், அவிழ்த்துப் போட்ட சிவப்புக் கயிறு கிடந்தது.