நெற்றிக்கு ஒரு சாண் மேலே

மாமனாரைக் கொல்வது என்று மாப்பிள்ளை முடிவு செய்து மூன்று மாதமாகிவிட்டது.

வந்தவர்களிடமெல்லாம், "இவர்தான் நம்ம வீட்டோட மாப்பிள்ளை. மோட்டார் போடறதுக்கும் நிறுத்தறதுக்கும் வச்சிருக்கேன்" என்று அறிமுகப்படுத்துகிற மனிதரை வேறு என்னதான் செய்வது?

துப்பாக்கி சத்தம் போடும். விஷமோ வேலைக்கே ஆகாது. முப்பது வருஷமாக மாமியார் சமையலைச் சாப்பிட்டுத் தேறிய உடம்பு அது. அதனால்தான் ஊர்க்கோடியில் இருந்த வில் வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தான்.

"எதுக்கு வில்லு?"

"பன்னி வேட்டைக்குங்க. பரண் மேல உக்காந்து அடிக்கணும்."

"ஓடற பன்னியா?"

"உக்காந்திருக்கறது. தினமும் ஒரே இடத்துல."

வாத்தியார் அதற்கு மேல் கேட்கவில்லை. மூங்கில் வில்லைக் கையில் கொடுத்தார். தரையில் நின்று நாற்பதடியில் பூசணிக்காயைப் பிளக்கிற அளவுக்கு மாப்பிள்ளை தேறினான். உயரத்திலிருந்து விட்டுப் பழகத்தான் அங்கே இடமில்லை.

"அதுக்கென்ன, கணக்கு ஒண்ணுதான்" என்றார் வாத்தியார். "மேலேருந்து விட்டா அம்பு தாழ்ந்துடும். நெத்தியில படணும்னா, நெத்திக்கு ஒரு சாண் மேல குறி வைங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாப்பிள்ளை மண்டியிட்டான். கீழே தோட்டத்தில், வீட்டைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் மாமனார் பேப்பரில் மூழ்கியிருந்தார். வழுக்கை மட்டும் பளபளத்தது. நாற்காலிக்குப் பின்னால் அவருடைய தம்பி நின்றுகொண்டிருந்தார். பாதி வீடு தனக்கென்று கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறவர். பேப்பரை மட்டும் தினமும் முழுசாக, அண்ணன் தோளுக்கு மேலாக ஓசியில் படித்துவிட்டுப் போவார்.

நின்றால் நிற்கட்டும். மாப்பிள்ளை நாணைக் காதுவரை இழுத்தான். ஒரு சாண் மேலே. மூச்சை அடக்கினான். விட்டான்.

அம்பு வழுக்கைக்கு மேலே சீறிக்கொண்டு போய்த் தம்பியின் நெஞ்சில் இறங்கியது. மாமனார் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. விலங்கு மாட்டும்போது இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நானும் ஒரு காலத்துல வில்லு பிடிச்சவன்தான்யா. மேலேருந்து கீழ விடும்போது குறியை இறக்கணும். நீ ஏத்தி வச்சிருக்கே! எவன்யா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

அதே நேரம் வாத்தியார் துக்கம் விசாரிக்க வாசல் கேட்டுக்குள் நுழைந்தார். ஜீப்பில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாத்தியாரே! பன்னி வேட்டைக்குத்தான் கத்துக்கிட்டேன்னு இவங்ககிட்ட சொல்லுங்க!"

வாத்தியார் அவனைத் திரும்பியும் பார்க்காமல் நேரே மாமனாரிடம் போய்க் கைகூப்பினார். மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்தபடி அவர் காதருகே குனிந்தார். ரகசியம் பேசத் தெரியாத குரல் அவருக்கு. ஜீப் வரை கேட்டது.

"ஒரே அம்புல தம்பியும் போனான், மாப்பிள்ளையும் போறான். தப்பாச் சொல்லிக் குடுக்கறதைக்கூட எவ்வளவு சரியாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, வாத்தியாரே!"